640 தோட்டா சுட்ட பிறகுதான் அந்தப் பிஸ்டலை நம்பினேன்

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன். முதல் எண் எத்தனையாவது தோட்டா என்பது. மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி. ஸ்லைடு என்பது ஒவ்வொரு தடவை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம், மேகசின் காலியானதும் அது பின்னாலேயே நிற்க வேண்டும்.

15, மேகசின் 1, காலியானதும் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை.
29, மேகசின் 2, தோட்டா மூக்குக் குத்தி நின்றது.
45, மேகசின் 1, மறுபடியும் ஸ்லைடு நிற்கவில்லை.
58, மேகசின் 2, மூக்குக் குத்தியது.
63, மேகசின் 1, வெறும் ‘டக்’.
89, மேகசின் 2, மூக்குக் குத்தியது.

நூறு தோட்டாவில் ஆறு கோளாறு. பெட்டியைப் பிரித்து எடுத்துவந்த முதல் நாள் கணக்கு இது. அன்று ரேஞ்சிலிருந்து, அதாவது சுடும் பயிற்சி இடத்திலிருந்து, வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு சரியில்லை. பேர்பெற்ற மாடல்களின் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கியது தப்பாகிவிட்டதோ என்று குடைந்துகொண்டே இருந்தது. நானும் மனைவியும் மாதக்கணக்கில் யோசித்து, பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் எடுத்து, இருந்த பணத்துக்குள் வாங்கிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல் அது. விளையாட்டுக்கு வாங்கியதில்லை. வேறு எல்லா வழியும் அடைபட்ட ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக வாங்கியது. அந்த நொடியில் ‘டக்’ என்று மட்டும் கேட்டால்?

அதை அப்படியே விற்றுவிட்டு வந்திருந்தால் ஒரு நல்ல கருவியை இழந்திருப்பேன். ஒன்றும் ஆராயாமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் அதைவிடப் பெரிய தப்பு செய்திருப்பேன். நோட்டு போடச் சொன்னது ரேஞ்சில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர். “தம்பி, நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், யார் கை, எந்த ரகம், எப்படி நின்னுச்சு, அஞ்சையும் எழுதுங்க. காரணம் தானா வெளிய வரும்” என்றார். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் மார்க்கரால் எண் எழுதச் சொன்னதும் அவர்தான். அந்த ஒரு மார்க்கர் கோடு இல்லாவிட்டால் மேலே உள்ள பட்டியலில் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

பட்டியலை மறுபடி பாருங்கள். தோட்டா மூக்குக் குத்தி நின்ற மூன்று தடவையும் இரண்டாம் மேகசின். 15 தோட்டா பிடிக்கும் மேகசின் அது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டதால், 29 என்பது அதன் பதினான்காவது தோட்டா, 58 பதின்மூன்றாவது, 89 மறுபடி பதினான்காவது. அதாவது எல்லாமே அடியில் மிச்சமிருந்த கடைசித் தோட்டாக்கள். மேகசினுக்குள் தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் தட்டு ஒன்று உண்டு, ஃபாலோயர் என்பார்கள். அது ஸ்லைடின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறவில்லையென்றால் தோட்டா சரியான கோணத்துக்கு வரும் முன்பே ஸ்லைடு அதை முன்னால் இடித்துவிடும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குள் போகாமல் அது கீழே முட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் இரண்டு மேகசின்களையும் காலியாக மேசைமேல் வைத்து, ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் தட்டை அழுத்தி அழுத்தி விட்டேன். முதலாவதில் தட்டு வழவழவென்று இறங்கி ஏறியது. இரண்டாவதில் முக்கால்வாசி இறங்கிய இடத்தில் லேசாகச் சிக்கி, ஒரு கணம் தயங்கி, பிறகு குதித்து மேலே வந்தது. பிரித்துப் பார்த்தால், பிளாஸ்டிக் தட்டின் இடது ஓரத்தில் அச்சில் வார்க்கும்போது தங்கிப்போன ஒரு பிசிறு. வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுகூட இருக்காது. மேகசின் சுவரின் உட்புறத்தில் அது உரசிய இடத்தில் ஒரு மங்கலான கோடு. அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை சின்ன ஒன்றா என்று இருந்தது.

அரம் எடுத்துத் தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பெரியவர் வேண்டாம் என்றார். பயிற்சிக்கு மட்டும் என்றால் தேய்க்கலாம், உயிரை நம்பி வைக்கும் ஒன்றை மாற்றித்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. திருப்பி அனுப்பினேன். மூன்றாவதாக ஒன்று வாங்கி எண் போட்டேன். இதுபோல ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் கோளாறு என்றால் முதலில் மேகசினைத்தான் சந்தேகப்பட வேண்டும், துப்பாக்கியை அல்ல. விலையைக் குறைக்க நினைக்கும்போது மேகசினிலும் கை வைக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த ‘டக்’ நினைவுக்கு வந்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. விசையை இழுத்தால் சத்தம் வரவில்லை என்றால் உடனே ஸ்லைடை இழுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். குழலை இலக்கின் திசையிலேயே பிடித்துக்கொண்டு முப்பது வினாடி எண்ணினேன். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்தோம். நடுவில் இருக்கும் ப்ரைமரில், அதாவது அடிபட்டதும் பற்றி உள்ளே இருக்கும் மருந்தை வெடிக்கவைக்கும் பகுதியில், ஸ்ட்ரைக்கர் என்னும் பின் (ஊசி) குத்திய குழி இருந்தது, ஆனால் ஆழமில்லை. பக்கத்தில் கிடந்த சுட்ட உறைகளில் ஒன்றை வைத்து ஒப்பிட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. குழி சரியான ஆழத்தில் இருந்து வெடிக்கவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவுடையது. குழி ஆழமில்லை என்றால் பின் போதுமான வேகத்தில் அடிக்கவில்லை.

“ஸ்ட்ரைக்கர் ஓடுற குழிக்குள்ள எண்ணெய் விட்டீங்களா?” என்று பெரியவர் கேட்டார். விட்டிருந்தேன், தாராளமாக. புதுக் கருவிக்கு எண்ணெய் நல்லது என்று தெரிந்த இடத்திலெல்லாம் விட்டிருந்தேன். அந்தக் குழி உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் தேங்கினால் தூளும் கரியும் சேர்ந்து குழம்பாகி, பின்னின் வேகத்தைக் குறைத்துவிடும். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், குழலின் வெளிப்புறம் ஸ்லைடோடு உரசும் இடம், இங்கெல்லாம் ஒவ்வொரு சொட்டு போதும். தொழிற்சாலையிலிருந்து பூசிவரும் பசை போன்ற மசகு துரு பிடிக்காமல் இருப்பதற்காகப் போடுவது. முதல் தோட்டாவுக்கு முன்பே அதைத் துடைத்துவிட வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். குழியைத் துடைத்து உலர வைத்த பிறகு இன்றுவரை அந்த ‘டக்’ திரும்ப வரவில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, ‘புஸ்’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழலின் உள்ளே பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

ஸ்லைடு பின்னால் நிற்காத இரண்டு தடவையும் என் கட்டைவிரல்தான் காரணம். இறுக்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்லைடை நிறுத்தும் சிறு நெம்புகோலின் மேலேயே அதை வைத்திருந்தேன். பிடியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆக, ஆறு கோளாறில் மூன்று ஒரு மேகசினுடையது, மூன்று என்னுடையது. பிஸ்டலின் மேல் ஒரு பழியும் இல்லை. ரேஞ்சுக்குப் போன இரண்டாம் நாள் மேகசின் 1, 3 இரண்டையும் வைத்து 150 தோட்டா சுட்டேன், குண்டு 115 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) எடையுள்ள, குண்டை உலோகத்தால் மூடிய சாதாரண முழு உறை ரகம். ஒரு தடங்கலும் இல்லை. விலை குறைவுக்கான அடையாளங்கள் அதில் இல்லாமல் இல்லை. குறிபார்க்கும் முள் பிளாஸ்டிக், ஸ்லைடின் உட்புறத்தில் கடைசல் கோடுகள் அப்படியே கிடக்கின்றன, விசை கனமாக இருக்கிறது. இவை எதுவும் தோட்டா உள்ளே போவதையும் உறை வெளியே வருவதையும் தடுக்காது. அழகுக்குக் கொடுக்கும் பணமும் நம்பகத்துக்குக் கொடுக்கும் பணமும் வேறு வேறு என்பது அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தத் தெம்பில் மூன்றாம் நாள் மனைவியை அழைத்துப் போனேன். அவள் 60 தோட்டா சுட்டாள். மூன்று தடவை நின்றது. மூன்றும் ஒரே மாதிரி: காலி உறை வெளியே பறக்காமல், ஸ்லைடின் வாயில் கடிபட்டுப் புகைபோக்கி போல நிமிர்ந்து நின்றது. ஸ்டோவ்பைப் என்பார்கள். அதே மேகசின்கள், அதே பெட்டித் தோட்டா, முந்தின வாரம் என் கையில் 150 தடவை ஓடியவை.

இதற்கு ஒரு விளக்கம் எல்லா ரேஞ்சிலும் தயாராக இருக்கும். மணிக்கட்டைத் தளர்வாக வைத்தால் பிஸ்டல் முழுவதும் கையோடு பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடத் தேவையான உதை கிடைக்காது, உறை முழுதாக வெளியேறும் முன் ஸ்லைடு திரும்பிவிடும். விளக்கம் உண்மைதான். ஆனால் பல பேர் அதைப் பெண்களின் கை பலவீனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. காயம்பட்ட கையோடு, ஒற்றைக் கையோடு, தரையில் சாய்ந்து கிடந்து சுட வேண்டி வந்தால் யாருடைய மணிக்கட்டும் தளரும். அவள் ஸ்லைடை மூடிவிட்டு என்னிடம் சொன்னாள்: “ஏங்க, நீங்க இல்லாத நேரத்துக்குத்தான இது? என் கையில ஓடலைன்னா இது வீட்டுல எதுக்கு?”

எனக்குப் பதில் இல்லை. என் கையை மட்டும் வைத்து அந்தப் பிஸ்டலுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டிருந்தேன்.

பெரியவர் நிதானமாக ஒவ்வொன்றாக மாற்றினார். இரண்டு காரணங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது என்பார். முதலில் பிடி மட்டும்: கையை இன்னும் மேலே ஏற்றி, ஸ்லைடுக்குக் கீழே இடைவெளி இல்லாமல் பிடித்து, இடது உள்ளங்கையால் மிச்ச இடத்தை நிரப்பச் சொன்னார். அதே 115 கிரெயினில் 30 தோட்டா. ஒரு தடவை நின்றது. பிறகு தோட்டாவை மாற்றினோம். 124 கிரெயின், ஏறக்குறைய 8 கிராம் குண்டு. முன்னது ஏழரை கிராம்தான். நாங்கள் வாங்கிய 115 பெட்டி பயிற்சிக்கென்று மருந்தை மிதமாக அடைத்த ரகம். 124 கொஞ்சம் கூடுதலாக உதைத்து ஸ்லைடை முழுத்தூரமும் தள்ளியது. 60 தோட்டா சுட்டாள், ஒன்றும் நிற்கவில்லை. ஸ்லைடை முன்னால் திருப்பித் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் புதுப் பிஸ்டலில் ஆரம்பத்தில் விறைப்பாக இருக்கும், போகப்போகத்தான் இளகும். வலுக்குறைந்த தோட்டாவோடு அது சேரும்போது இப்படி நடப்பது உண்டு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 115 கிரெயின் கிடையாது.

நான்காம் நாள், நிஜத்தில் வைத்துக்கொள்ளப் போகும் தோட்டா. வாய் குழிந்த ஹாலோ பாயின்ட், அதே 124 கிரெயின். பயிற்சித் தோட்டாவின் மூக்கு உருண்டை, சேம்பருக்குச் சரிந்து ஏறும் பாதையில் வழுக்கிக்கொண்டு போகும். ஹாலோ பாயின்டின் விளிம்பு அதே பாதையில் தட்டி நிற்க வாய்ப்பு அதிகம். பயிற்சித் தோட்டாவில் ஆயிரம் சுட்டாலும் இதற்கு அது சாட்சி ஆகாது. விலை அதிகம்தான், மனசைக் கல்லாக்கிக்கொண்டு 100 வாங்கினோம். நான் 60, அவள் 40. வலது கை மட்டும், இடது கை மட்டும், பிஸ்டலைப் பக்கவாட்டில் சாய்த்து, வேண்டுமென்றே பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, மேகசினை நிறைத்து, பாதி நிறைத்து என்று எல்லா விதமாகவும் சுட்டோம். ஒரு தடங்கலும் இல்லை.

500 முடிந்தது, போதும் என்றுதான் நினைத்தேன். அவள்தான் கணக்குப் பார்த்தாள். எங்களுக்கு வேண்டியது அவள் கையிலும் என் கையிலும் 124 கிரெயின் ஓடுவது. கடைசிக் கோளாறுக்குப் பிறகு சுத்தமாக ஓடியது அவள் சுட்ட 60, ஹாலோ பாயின்ட் 100, ஆக 160 மட்டுமே. மற்றதெல்லாம் வேறு தோட்டாவின் கணக்கு.

இங்கே புள்ளியியலில் ஒரு எளிய சூத்திரம் உதவுகிறது. ஒரு கோளாறும் இல்லாமல் எத்தனை சுட்டோமோ, அந்த எண்ணால் மூன்றை வகுக்க வேண்டும். உண்மையான கோளாறு விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 160 சுத்தம் என்றால் கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டு வரை இருக்கலாம். 300 சுத்தம் என்றால் நூற்றுக்கு ஒன்று. 50 தோட்டா சுட்டுவிட்டு அருமையான பிஸ்டல் என்கிறவர்கள், நூற்றுக்கு ஆறு வரை கோளாறு இருக்கக்கூடிய ஒன்றைத்தான் அருமை என்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று என்பதுகூடச் சின்ன விகிதம் இல்லை. அந்த விகிதத்தில் ஒரு 15 தோட்டா மேகசினைச் சுட்டு முடிப்பதற்குள் ஒரு தடவையாவது நிற்பதற்கு ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டல் 6000 தோட்டா சுட்டது. நூறு சுட்டதும் சிறிது ஆறவிட்டு, ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டுச் சுட்டார்கள். ஒரு கோளாறுகூட இல்லை. போட்டியாக நின்ற சாவேஜ் பிஸ்டலில் 37. அந்த அளவுக்குச் சுட நம் சம்பளம் தாங்காது. ஆனால் 300 தாங்கும். இன்னும் 140 தோட்டா, 124 கிரெயின் முழு உறை வாங்கி இரண்டு பேரும் பாதிப் பாதி சுட்டோம். நடுவில் துடைக்கவே இல்லை. ஸ்லைடெல்லாம் கரி. ஒன்றும் நிற்கவில்லை. 300 சுத்தம், மொத்தம் 640. அதில் ஹாலோ பாயின்ட் 100 மட்டும்தான் என்பதை மறக்கவில்லை, அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குகிறோம். பிஸ்டலில் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி தோட்டாவுக்கே போய்விட்டது. வருத்தமில்லை. விலையுயர்ந்த பிஸ்டல் வாங்கியிருந்தாலும் இதே 300 எனக்கு வேண்டியிருந்திருக்கும்.

பிறகும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. தினமும் பூட்டி வைக்கும்போது சேம்பரில் இருப்பதை எடுத்துவிட்டு, மறுநாள் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றுவது என் வழக்கமாக இருந்தது. ஒருநாள் அதைப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், கொஞ்சம் குட்டையாக இருந்தது. வெர்னியர் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. திரும்பத் திரும்ப ஏற்றியதில் குண்டு உறைக்குள் இறங்கியிருக்கிறது. இப்படி இறங்கினால் வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அந்தத் தோட்டாவைத் தனியே ஒதுக்கிவிட்டேன். இப்போது ஒருமுறை ஏற்றி எடுத்ததைத் திரும்ப ஏற்றுவதில்லை. மேகசின் ஸ்பிரிங்கைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள், நிறைத்து வைத்தால் தளர்ந்துவிடும் என்று. தளர்வது பெரும்பாலும் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு உழைப்பதால்தான். அதை வருடத்துக்கு ஒருமுறை பென்சில் சோதனை செய்து பார்க்கிறேன்.

எவ்வளவு சோதித்தாலும் ஒரு நாள் நிற்கலாம். அதனால் போலித் தோட்டாக்கள் வாங்கினோம், வெடிக்காத பிளாஸ்டிக் ரகம். ரேஞ்சில் அவள் என் மேகசினில் எனக்குத் தெரியாமல் ஒன்றைச் சொருகுவாள், நான் அவளுடையதில். நின்றதும் மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை வேகமாக இழுத்துவிட்டு, மறுபடி குறி பார்க்க வேண்டும். ரேஞ்சில் எதிர்பாராமல் நிஜத் தோட்டா வெடிக்கவில்லை என்றால் அந்த முப்பது வினாடி காத்திருப்புதான் விதி, இந்தப் பழக்கம் உயிர் ஆபத்தான நேரத்துக்கானது. ஆரம்பத்தில் நின்ற பிஸ்டலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது கை தானாகத் தட்டுகிறது.

காதுக்கு அடைப்பான், அதன் மேல் கவசம், இரண்டும் போடுங்கள். இந்த ரகப் பிஸ்டலின் சத்தம் 160 டெசிபெல் அளவுக்கு வரும், ஒரே சுடலில்கூடக் காது கெடலாம். கண்ணாடி கட்டாயம். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். வீட்டில் பிஸ்டல் சுவரோடு பிணைத்த பூட்டுப் பெட்டியில் இருக்கிறது, சாவி இருவரிடமும் மட்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எந்த ரகத்தை, எந்தத் தோட்டாவை, எப்படி வைத்திருக்க அனுமதிக்கிறது என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஹாலோ பாயின்ட் எல்லா இடத்திலும் அனுமதியில்லை.

திருப்பி அனுப்பிய இரண்டாம் மேகசினுக்கு மாற்று போன மாதம் வந்தது. தட்டின் ஓரம் வழவழப்பாக இருக்கிறது, பென்சில் எங்கும் சிக்கவில்லை. ஆனாலும் அடியில் 4 என்று எழுதி, நோட்டில் புதுப் பக்கம் போட்டாள். 100 சுத்தமாக ஓடினால்தான் பெட்டிக்குள் போகும். நேற்று வரை 71. இன்னும் 29 இருக்கிறது.